மூன்று கால் மேசையும் கொடித்துவக்கும்



போன தடவை ஊன்ட்றொப் கோயில் தேரின் சில்லுகளைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை ஒரு மேசையின் கதை. மேசைக்கு என்ன வரலாறு என்று கேட்பீர்கள். எனக்கும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது.

எங்கள் தெருவில் வயதான ஒரு யேர்மனியர் இருக்கிறார். இங்கே ஊருக்கு ஊர் இருக்கிற சூட்டுச் சங்கங்களில் ஒன்றில் அவர் நெடுங்கால உறுப்பினர். சென்ற வருட வசந்தத்தில் வேலியோரம் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது, "நீங்கள் இயந்திரப் பொறியியல் படித்தவர்தானே, சங்கத்துக்கு ஒரு மேசை செய்து தர முடியுமா?" என்று கேட்டார். நான் பொறியியலில் முதுமாணி முடித்தது உண்மை. அதன் பிறகு பத்து வருடமாகக் கணினி நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. கையில் மரம் பிடித்துக் கனகாலம். ஆசையாக இருந்தது, ஓம் என்றுவிட்டேன்.

அவர்களுக்குத் தேவைப்பட்டது சுடும்போது முழங்கையையும் துவக்கையும் ஊன்றி வைக்கிற மேசை. காரில் ஏற்றிக்கொண்டு போய்ப் புல்வெளியில் நிறுத்த வேண்டும், ஆடக் கூடாது. கோடை விழாவில் சின்னப் பிள்ளைகள் ஒளித்துவக்கால் சுடுவதற்கு. ஒளித்துவக்கில் குண்டு இல்லை, காற்றும் இல்லை. விசையை அழுத்தினால் ஒரு ஒளிக்கதிர் போய்ப் பத்து மீற்றருக்கு அப்பால் இருக்கிற பெட்டியில் படும், பட்ட இடத்தைப் பெட்டி காட்டும். யேர்மனியில் காற்றுத்துவக்கைக்கூடப் பொதுவாக 12 வயதுக்கு முன்னர் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியாது. அதனால் சிறியவர்களுக்கு இந்த ஏற்பாடு.

கெல்லரில் பலகையை அடுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா உடுப்புத் தோய்க்க இறங்கி வந்தார்.

"என்ன தம்பி உது?"

சொன்னேன்.

"துவக்கு வைக்கிற மேசையோ?"

"வெறும் வெளிச்சம்தான் அம்மா. குண்டு ஒண்டும் இல்லை."

"பேர் துவக்குத்தானே" என்றார். உடுப்பை மெசினுக்குள் போட்டுவிட்டு மேலே போய்விட்டார்.

அம்மா 1980களின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். அந்த வருடங்களில் துவக்கு என்றால் என்ன என்பதை உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ சொல்லியிருப்பார்கள், அல்லது சொல்லாமல் விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டில் சொல்லாமல் விட்டதுதான் கூட. அதே துவக்கு இங்கே கோடை விழாவில் பச்சை உடுப்பும் பித்தளை வாத்தியமுமாக ஊர்வலம் வருகிறது. நாங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் பிறந்தவர்கள்.

ஷுட்சன்ஃபெஸ்ட் என்கிற இந்த விழா உங்களில் பலருக்கு இராட்டினமும் வறுத்த பாதாமும்தான். அதன் வேர் மத்திய காலத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து நகரங்களுக்கு நிரந்தரப் படை கிடையாது. மதிலைக் காப்பது அங்கே குடியிருந்தவர்களின் கடமை. அவர்கள் முதலில் குறுக்குவில்லாலும் பிறகு துவக்காலும் பயிற்சி எடுத்தார்கள். உயரமான கம்பத்தின் நுனியில் மரத்தால் செய்த பறவையைக் கட்டிச் சுடுவார்கள். கடைசித் துண்டை விழுத்துகிறவர் அந்த வருடத்து அரசர். இன்றைக்கும் வெஸ்ற்ஃபாலனில் அப்படித்தான். 2015இல் யேர்மனி தன் மரபுரிமைப் பட்டியலில் இந்தச் சங்கங்களின் பழக்கவழக்கங்களையும் சேர்த்துக்கொண்டது.

எங்களுக்குப் பக்கத்து நகரம் வேர்ல். அதன் ஒரு கிராமத்தில் 2014இல் துருக்கிய வம்சாவளியில் வந்த ஒரு முஸ்லிம் பறவையைச் சுட்டு விழுத்தி அரசரானார். ஊர்ச் சங்கத்துக்கு அதில் ஒரு பிரச்சினையும் இல்லை. மேலே இருந்த கூட்டமைப்போ, இது கிறிஸ்தவச் சங்கம், அவர் பதவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றது. நாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. கடைசியில் அவர் அரசராகத் தொடரலாம், மேல்மட்டப் போட்டிகளுக்குப் போகக் கூடாது என்று முடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் மேசை கேட்டபோது எனக்கு இது ஞாபகம் வராமல் இல்லை. அவரிடமே கேட்டேன். "அது வெட்கக்கேடு" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பறவைச் சூட்டில் நீங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இப்போது பெரும்பாலான இடங்களில் துவக்கைத் தோளில் வைத்து விரும்பிய பக்கம் திருப்ப முடியாது. நிலத்தில் நட்ட ஒரு தாங்கியில் பூட்டி வைத்திருப்பார்கள். பறவைக்குப் பின்னால் குண்டைத் தடுக்கும் பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிக்கு வெளியே குழாய் போகாதபடி தாங்கி தடுக்கும். ஆகவே தாங்கி என்பது குறி தவறாமல் இருக்க மட்டுமல்ல, பார்த்துக்கொண்டு நிற்கிறவர்களின் உயிருக்காகவும்தான்.

இனி மேசைக்கு வருகிறேன். முதலில் நாலு கால் வைத்துச் செய்தேன். கெல்லரின் சீமெந்துத் தரையில் மலைபோல நின்றது. தோட்டத்துப் புல்லுக்குக் கொண்டுபோனால் டக் டக் என்று ஆடியது. ஒரு காலுக்குக் கீழே மட்டையை மடித்து வைத்தேன், அடுத்த கால் தூக்கியது. குசினி ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பொங்கலுக்கு எத்தினை கல்லு வைக்கிறனாங்கள்?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினார்.

மூன்று கல்! முற்றத்தில் பொங்கும்போது மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றினால், கல் எப்படிக் கோணலாக இருந்தாலும் பானை ஆடாது. மூன்று புள்ளிகள் எங்கே இருந்தாலும், ஒரே கோட்டில் இல்லாதவரை, அவற்றைத் தொட்டுக்கொண்டு ஒரு தளம் இருந்தே தீரும். நாலாவது புள்ளி அந்தத் தளத்தில் விழவேண்டும் என்று கட்டாயம் இல்லை. விழாவிட்டால் ஆட்டம்தான். ஒளிப்படக்காரரின் முக்காலியும் நில அளவையாளரின் கருவியும் மூன்று காலில் நிற்பது இதனால்தான். டோர்ட்முண்டில் இதைப் படித்துப் பரீட்சையும் எழுதியவன் நான். ஜன்னலுக்குப் பின்னால் நின்றவருக்குத் தெரிந்தது எனக்கு உறைக்கவில்லை.

ஆட்டம் எவ்வளவு கெடுதல் செய்யும் என்று ஒரு கணக்கு. துவக்கின் இரண்டு ஊன்றுகளுக்கும் இடையே 50 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் ஊன்று ஒரு மில்லிமீற்றர் அசைந்தால் பத்து மீற்றருக்கு அப்பால் குறி 20 மில்லிமீற்றர் விலகிவிடும். ஒரு மில்லிமீற்றர் என்பது பிள்ளை மூச்சு விடுகிற அசைவு. இதனால் இன்னொரு முடிவும் எடுத்தேன். கதிரையை மேசையோடு பொருத்தவில்லை. சேர்த்துச் செய்தால் காரில் ஏற்றுவது சுலபம், ஆனால் பிள்ளை கதிரையில் நெளிகிற ஒவ்வொரு நெளிவும் மேசைக்குப் போகும்.

மூன்று கால் என்று முடிவானதும், இதை முன்னர் யார் செய்தார்கள் என்று தேடினேன். அங்கேதான் வரலாறு தொடங்கியது.

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டின் மஸ்கட் துவக்குகள் கையில் தூக்கிச் சுட முடியாத பாரம். சிப்பாய் ஒவ்வொருவனும் ஒரு தடியைக் கொண்டு திரிவான். தடியின் நுனி கவைபோல இரண்டாகப் பிரிந்திருக்கும். அதை நிலத்தில் ஊன்றிக் கவைக்குள் குழாயை வைத்துச் சுடுவான். 1607இல் யாக்கொப் டி கெய்ன் என்ற ஒல்லாந்து ஓவியர் வெளியிட்ட போர்ப்பயிற்சிப் புத்தகத்தில் இதைப் படிப்படியாகப் பார்க்கலாம். கவைத்தடி ஒற்றைக் கால் என்று நினைப்பீர்கள். அந்த மனிதனின் இரண்டு காலையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், மூன்று! பிறகு துவக்குகள் பாரம் குறைய, 17ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கவைத்தடி மறைந்துவிட்டது. ஊன்ட்றொப்புக்குக் கொஞ்சத் தூரத்தில் இருக்கும் ஃபெலிங்ஹவுசனில் 1761 யூலை 15, 16இல் பிரெஞ்சுப் படைக்கும் பிரவுன்ஷ்வைக் இளவரசர் ஃபெர்டினாண்டின் படைக்கும் பெரிய சண்டை நடந்தது. நாங்கள் சைக்கிள் ஓடுகிற வயல்வெளிகள்தான். அப்போது யாரும் கவைத்தடி கொண்டு திரியவில்லை.

ஈரானிலும் வட இந்தியாவிலும் வேறொரு வழி கண்டுபிடித்தார்கள். சின்னப் பீரங்கியை ஒட்டகத்தின் முதுகில் சுழலும்படி பூட்டிவிட்டார்கள். பெயர் சம்புரக். பாரசீகத்தில் சம்பூர் என்றால் குளவி. 1739இல் நாதிர் ஷா கர்னால் போருக்குக் கொண்டுவந்த படையில் இவை இருந்தன. தானே நடந்து போகிற மேசை என்று சொல்லலாம், ஆனால் தீனி போட வேண்டும்.

எங்கள் இலங்கையில் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1505இல் போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்தார்கள். அவர்கள் தின்ற பாணைக் கல் என்றும் குடித்த வைனை இரத்தம் என்றும் பார்த்தவர்கள் போய் அரசனுக்குச் சொன்னதாகச் சிங்கள நூலான ராஜாவலிய கூறுகிறது. பீரங்கிச் சத்தம் அவர்களை இன்னும் திகைக்க வைத்தது. அந்தத் திகைப்பு நீடிக்கவில்லை. நூறு வருடம் போவதற்குள் இலங்கைக் கொல்லர்கள் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களே புகழ்ந்து எழுதினார்கள். துவக்கு, துப்பாக்கி என்ற சொற்களே துருக்கியரின் துஃபெக் என்ற சொல்லோடு உறவுள்ளவை. சிங்களத்தில் துவக்குவ. அம்மாவுக்குப் பிடிக்காத அந்தச் சொல் எத்தனை நாட்டுத் தூசி பட்டு வந்திருக்கிறது பாருங்கள்.

கரையோரம் ஒவ்வொன்றாக விழுந்தது. யாழ்ப்பாணத்து அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் முடிந்தது. மலைக்குள் இருந்த கண்டி மட்டும் 1815 வரை நின்றது. காரணம் பல: காடு, காய்ச்சல், மழை, வழி தெரியாத படை. நான் பார்த்த காரணம் ஒன்று, சுமக்கக்கூடிய ஆயுதம். ஐரோப்பியப் பீரங்கிக்குச் சில்லு வேண்டும், சில்லுக்குத் தெரு வேண்டும். கண்டிக்குப் போகிற மலைப்பாதையில் தெரு ஏது? பெரிய துவக்குகளுக்கோ ஊன்றி வைக்க மதில் வேண்டும். கண்டிப் படைகள் சண்டை பிடித்த காட்டுப் பாதையில் மதில் எங்கே? அதற்குத்தான் கொடித்துவக்கு. மிகச் சின்னப் பீரங்கி. முன்னால் விரிந்த இரண்டு மரக்கால், பின்பக்கம் மூன்றாவது ஊன்று. ஆட்கள் தூக்கிக்கொண்டு போய்ப் பாறையோ சேறோ எங்கே வைத்தாலும் நிற்கும். பாதை வளைகிற இடத்தில் வைத்துச் சுட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் மறைவார்கள். கால்களைப் பார்த்த ஆங்கிலேயர் அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தார்கள். அங்கே குளவி, இங்கே வெட்டுக்கிளி. கொடித்துவக்கு என்று குடும்பப் பெயர் உள்ள சிங்களவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பில் யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

2014இல் நண்பர்களோடு அம்ஸ்ரர்டாம் போனபோது அங்குள்ள றைக்ஸ் அருங்காட்சியகத்தில் கண்டிப் பீரங்கி ஒன்றைப் பார்த்தேன். அது சண்டைக்கானது அல்ல, அரசருக்கு வந்த பரிசு. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. சூரியன், பிறை, சிங்கம் எல்லாம் அதில் உண்டு. லெவுகே திசாவ என்ற பிரதானி 1740களின் நடுவில் கொடுத்தது. 1765இல் ஒல்லாந்தர் கண்டிக்குள் புகுந்து அரண்மனையைக் கொள்ளையடித்தபோது எடுத்துப் போனார்கள். அப்போது அரசர் மதுரை நாயக்கர் வழிவந்த கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். ஃபெலிங்ஹவுசன் சண்டை நடந்து நாலே வருடம். எங்கள் வயல்வெளிச் சண்டையையும் அந்தக் கொள்ளையையும் ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்க்கப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 2023இல் நெதர்லாந்து அந்தப் பீரங்கியோடு சேர்த்து ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்தது. அதில் இரண்டு மகா துவக்கு, அதாவது நான் மேலே சொன்ன, மதிலில் ஊன்றிச் சுடுகிற பெரிய துவக்கு.

கொடித்துவக்கின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டேன். 21 மில்லிமீற்றர் பிளைவூட் பலகை, 90க்கு 60 சென்ரிமீற்றர். முன்னால் இரண்டு கால், பின்னால் நடுவில் ஒன்று. கால்கள் வெளியே விரிந்து நிற்க, பலகைக்குக் கீழே சரிவாகப் பொருத்திய குழிகளுக்குள் செருகிக் கையால் திருகி இறுக்கலாம். கழற்றினால் காரின் பின்பெட்டிக்குள் அடங்கிவிடும். மொத்தம் 11 கிலோ. பெருமையாக இருந்தது.

அக்காவின் மகளுக்கு எட்டு வயது. தோட்டத்தில் மேசையை நிறுத்தி, "வந்து இரு" என்றேன். வந்தாள், இரண்டு முழங்கையையும் பின்பக்க மூலைகளில் ஊன்றினாள், பிறகு இடது பக்கம் சாய்ந்தாள். மேசை அப்படியே கவிழ்ந்தது. தோடம்பழச் சாறு என் காற்சட்டையில். "மாமா, உங்கட மேசை சரியில்லை" என்றாள்.

அவள் சொன்னது சரி. பாரம் எங்கே அழுத்துகிறதோ அந்த இடம் மூன்று காலும் சேர்ந்து உண்டாக்குகிற முக்கோணத்துக்குள் இருக்க வேண்டும். பீரங்கியின் பாரம் குழாயின் கோட்டிலேயே இருக்கிறது. வெடிக்கும்போது பின்னால் உதைக்கும், அந்த உதையைத் தாங்கப் பின்னால் ஊன்று வேண்டும். ஒளித்துவக்குக்கு உதையே கிடையாது. பாரம் பிள்ளையின் முழங்கைகளில், அதாவது பின்பக்க மூலைகளில். என் முக்கோணம் அங்கே ஒடுங்கிப் போய்க் கூராக முடிந்திருந்தது. கண்டிக் கொல்லனின் கணக்கு அவனுடைய பாரத்துக்குச் சரி. நான் விடையை மட்டும் பார்த்து எழுதிவிட்டேன். எங்கள் தொழிலில் வேறொருவரின் மென்பொருளைக் காரணம் கேட்காமல் வெட்டி ஒட்டுவது இதுபோலத்தான், அதிலும் ஒருநாள் சாறு ஊற்றும்.

மேசையைத் திருப்பினேன். முன்னால் ஒன்று, துவக்கின் முன் ஊன்றுக்கு நேர் கீழே. பின்னால் இரண்டு, மூலைகளையும் தாண்டி வெளியே விரிந்து. நடுவில் பிள்ளையின் நெஞ்சு அணைய அரைவட்டமாக வெட்டினேன்.

மிச்சம் இருந்தது ஈர நிலம். லிப்பே ஆற்றங்கரைப் புல்வெளி ஒரு மழைக்குப் பிறகு எப்படி இருக்கும் என்று இங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மேசை 11 கிலோ, பிள்ளை சாய்வது ஒரு 20 கிலோ, மொத்தம் 310 நியூட்டன் அளவு. கால் ஒவ்வொன்றும் 44 மில்லிமீற்றர் சதுரம். அப்படியே விட்டால் சதுர சென்ரிமீற்றருக்கு 5 நியூட்டனுக்கு மேல் அழுத்தும், ஒரு கால் மெதுவாகப் புதையும். காலுக்குக் கீழே 10 சென்ரிமீற்றர் அகல வட்டப் பலகை பூட்டினேன். அழுத்தம் 1.3க்கு இறங்கியது. சேற்றில் அகலமான சப்பாத்து போடுகிற அதே கதை.

யூலையில் விழா. அம்மா வரவில்லை. வரச் சொல்லி நான் வற்புறுத்தவும் இல்லை. மேசை காலை பத்து மணியிலிருந்து பின்னேரம் வரை நின்றது, இடையில் மழையும் பெய்தது. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள், யேர்மன் பிள்ளைகள், துருக்கியப் பிள்ளைகள், எங்கள் தமிழாலயத்துப் பிள்ளைகள் மூன்று பேர். அக்காவின் மகள் ஐந்து தரம் சுட்டாள், ஒன்று மட்டும் பட்டது. சுட்டு முடிந்ததும் துவக்கை எப்படிக் கீழே வைக்க வேண்டும், ஆட்களின் பக்கம் ஏன் திருப்பவே கூடாது என்று ஒரு முதியவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் அலுக்காமல் சொல்லிக் கொடுத்தார். அது வெறும் வெளிச்சம்தான், ஆனாலும் சொன்னார்.

இரவு வீட்டுக்கு வந்தேன். அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "ஆடினதோ?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா."

"பிள்ளை சுட்டவளோ?"

"ஓம்."

அதற்கு மேல் கேட்கவில்லை.

இந்த வருடம் சங்கம் இன்னும் இரண்டு மேசை கேட்டிருக்கிறது. ஒன்று சக்கர நாற்காலியில் வருகிற பிள்ளைக்கு. பின்கால்கள் இரண்டுக்கும் நடுவால் நாற்காலி உள்ளே போகவேண்டும், ஆனால் அளவுக்கு மீறி விரித்தால் மேசை காருக்குள் போகாது. சனிக்கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு அளவுநாடாவோடு போகிறேன்.